அடுத்தவன் தணல்

எங்க புவனோஸ் அயர்ஸ் ஆளுங்க ரொம்ப நல்லவங்க. காரைக் கேளுங்க, குடுப்பாங்க. போட்டிருக்கிற சட்டையக் கேளுங்க, கழட்டிக் குடுப்பாங்க. ஆனா ஒருத்தன் கறி சுட்டுக்கிட்டு நிக்கிறப்ப, அவன் நெருப்புல ஒரே ஒரு தணல் கங்கை நீங்க தள்ளி வெச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் உங்க சாவுக்குக்கூட வரமாட்டான்.

ஏதோ பெருசு பண்ணிச் சொல்றேன்னு நெனைக்காதீங்க. என் புருஷன் அமில்காரும் என் தம்பி டார்தோவும் ரெண்டு வருஷமாப் பேசிக்கல. காரணம் ரெண்டே ரெண்டு கங்கு.

அமில்காரோட அறுபதாவது பொறந்த நாள் அன்னிக்கு நடந்தது. புவனோஸ் அயர்ஸ்ல எங்க வீட்டு மொட்டை மாடியில இருபது பேர். இவன் காலையிலேர்ந்து அடுப்புப் பக்கத்துலயே நின்னு, வேர்த்து விறுவிறுத்து, விலாக்கறி, சொரிசோங்கிற கொழுப்புச் சாசேஜ் எல்லாத்தையும் கம்பி மேல அடுக்கி வெச்சுட்டு, ஒரு நிமிஷம் பாத்ரூம் போனான். அந்த ஒரு நிமிஷத்துல டார்தோ, ஒரு கையில ஒயின் கிளாஸ், இன்னொரு கையில தணல் கரண்டி, ரெண்டு கங்கை இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் தள்ளிட்டான்.

திரும்பி வந்த அமில்கார் அடுப்பை ஒரு பார்வைதான் பாத்தான். கண்டுபுடிச்சுட்டான். எப்படித்தான் கண்டுபுடிப்பாங்களோ!

"யாரு கை வெச்சது?"

"நான்தான் மச்சான். சொரிசோ கருகிட்டிருந்துச்சு, காப்பாத்தி விட்டேன். ஒரு நன்றி சொல்லு"ன்னு டார்தோ சிரிச்சான்.

அமில்கார் இடுப்புல கட்டியிருந்த துணியை அவுத்து டார்தோ தோள்ல போட்டான். "அப்ப நீயே சுட்டுக்கோ"ன்னு சொல்லிட்டு, படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டான். சொந்தப் பொறந்த நாளுக்கு! டார்தோவும் அந்தத் துணியை நாற்காலி மேல வீசிட்டு வீட்டுக்குக் கிளம்பிட்டான். எங்கள்ல சாப்பாடு முடியுறப்ப யாராவது ஒருத்தர் எழுந்து, "சுட்டவனுக்கு ஒரு கைதட்டு!"ன்னு சொல்லுவாங்க, எல்லாரும் தட்டுவாங்க. அன்னிக்கு யாருக்குத் தட்டுறது? அரைவேக்காட்டுக் கறியை இருபது பேருக்குப் போட்டு அசடு வழிஞ்சது நான்தான்.

அதுக்கப்புறம் அமில்கார் சீட்டாடப் போற நேரம் பாத்து டார்தோ எங்க வீட்டுக்கு வருவான். டார்தோ குரல் கேட்டா அமில்கார் வாசல்லயே திரும்பிப் போயிடுவான். என் வீடு என்ன பஸ் ஸ்டாண்டா? ஒருத்தன் ஏற, ஒருத்தன் எறங்க?

சரி, தொலையட்டும், ஆம்பளைங்க ரோஷம், தானா ஆறும்னு விட்டிருந்தேன். அப்பதான் பிப்ரவரியில டார்தோ முடி வெட்டிக்க வந்தான். நான் ரெண்டு நாற்காலி போட்ட சின்ன பார்லர் நடத்துறேன், அவனுக்கு எப்பவும் நான்தான் வெட்டுவேன். கழுத்துல துணியக் கட்டி, கத்தரிய எடுத்ததும், கண்ணாடியப் பாத்தே சொன்னான்.

"அக்கா, நான் யானினாகிட்டப் போறேன்."

யானினா அவனோட ஒரே பொண்ணு. ஸ்பெயின்ல, வலென்சியாவுல இருக்கா. ரெட்டைக் கொழந்தை பொறந்திருக்கு. டார்தோ பொண்டாட்டி தவறிப்போய் நாலு வருஷம் ஆச்சு, பூட்டு ரிப்பேர் கடையையும் கை மாத்தி விட்டுட்டான்.

"போயிட்டு வா, நல்லதுதானே. எப்ப திரும்புவ?"

"மார்ச் மாசம் மூணாவது வியாழக்கிழமை பிளைட்டு. திரும்பி வர்றதுக்கு டிக்கெட் போடல அக்கா."

காதுக்கு மேல ஒரு கொத்து அதிகமா வெட்டிட்டேன்.

"இதை உன் புருஷன்கிட்ட சொல்லாத. நான் போறேன்னு தெரிஞ்சா பரிதாபப்பட்டு வந்து கட்டிப்புடிப்பான். அது எனக்கு வேணாம். இங்கேயே இருக்கிற டார்தோகிட்ட பேசணும்னு தோணினா பேசட்டும்" அப்படின்னான்.

வீம்பு பாருங்க! எனக்கு இருக்கிறது ஒரே தம்பி, ஒரே புருஷன். நடுவுல ரெண்டு தெரு இருக்கிறப்பவே பேசாத ஜென்மங்க, நடுவுல ஒரு சமுத்திரம் வந்தா எங்கேர்ந்து பேசப்போவுது? ரெண்டு பேர்ல ஒருத்தனும் முதல்ல போன் பண்ணமாட்டான். அந்த வியாழக்கிழமைக்குள்ள இவங்க பேசியாகணும், இல்லேன்னா இனி எப்பவும் இல்ல.

செவ்வாய்க்கிழமை தவறாம சாயம் பூசிக்க வர்ற பெர்லா அம்மாதான் வழி காட்டினாங்க. "சான் எவரிஸ்தோவுக்குப் போயிட்டு வா சூல்மா. நூத்தி இருபது கிலோமீட்டர்தான். அங்க ஒண்ணுமே இல்ல! ஒண்ணுமே இல்லன்னா ஒண்ணுமே இல்ல! என்ன ஒரு சுகம் தெரியுமா!"

ஒண்ணுமே இல்லாத ஊர். தப்பிச்சுப் போக இடமில்லாத ஊர். எனக்கு அதுதான் வேணும். பின்பக்கம் கறி அடுப்பு இருக்கிற வீடா பாத்து சனி, ஞாயிறுக்குப் புடிச்சேன். அமில்கார்கிட்ட, "நாம ரெண்டு பேர் மட்டும், கல்யாணமான புதுசு மாதிரி"ன்னு சொன்னேன். டார்தோகிட்ட, "அமில்காருக்கு முதுகுவலி, வரல. போறதுக்கு முன்னாடி அக்காவோட ரெண்டு நாள் இருந்துட்டுப் போ"ன்னு சொன்னேன். பொய்தான். அதுக்கென்ன இப்போ?

சனிக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு நானும் அமில்காரும் போய் எறங்கினோம். பெர்லா அம்மா சொன்னது நெசம். ஒரு சதுக்கம், ஒரு கோயில், ஒரு பேக்கரி, ஒரு கறிக்கடை. நடு ரோட்டுல நாய் படுத்திருக்கு, கார்தான் ஒதுங்கிப் போகுது. வீட்டுக்குப் பின்னாடி அத்திமரம், அதுக்குக் கீழ செங்கல் அடுப்பு, பெருசா. அமில்கார் அந்தக் கம்பிகளைத் தடவித் தடவிப் பாத்தான். "சூல்மா, இந்தச் சரிவைப் பாரு. கொழுப்பு எங்க வழியணும்னு தெரிஞ்சவன் கட்டியிருக்கான்" அப்படின்னான். கல்யாணத்தன்னிக்கு என்னைக்கூட அப்படிப் பாக்கல.

கறிக்கடைக்குப் போய், கடைக்காரர் குவால்பெர்தோகிட்ட அரை மணி நேரம் விலாவைப் பத்தி விவாதம் பண்ணி, மூணு பேர் ரெண்டு நாள் தின்னாலும் தீராத அளவு வாங்கிட்டு வந்தான். "ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்ளோ?"ன்னு நானே கேட்டு வெச்சேன், சந்தேகம் வரக் கூடாதுன்னு.

வீட்டுச் சொந்தக்காரி எல்சிரா பக்கத்து வீட்டுலயே இருந்தாங்க. எழுபது வயசு இருக்கும். சாவியைக் குடுத்துட்டு ரெண்டே விஷயம் சொன்னாங்க. "இங்க யார் வீட்டுலயும் பெல் கெடையாது. ஆள் வேணும்னா கேட்டுக்கு வெளிய நின்னு கையைத் தட்டுங்க, வருவோம். ஆனா ஒரு மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் தட்டாதீங்க. ஊர் தூங்கும்."

பதினோரு மணிக்கு எங்க கேட்டுல கைதட்டுற சத்தம் கேட்டது. அமில்கார் பேப்பரை முறுக்கி முறுக்கி அடுப்புல வெச்சுக்கிட்டிருந்தான். "யாருன்னு பாக்குறேன்"னு எழுந்து அவனே போயிட்டான். நான் ஓடினேன், பிரயோஜனமில்ல.

கேட்டுக்கு அந்தப் பக்கம் டார்தோ, கையில பை. இந்தப் பக்கம் அமில்கார், கையில முறுக்கின பேப்பர். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டு, ஒரே நேரத்துல திரும்பி என்னைப் பாத்தாங்க.

"முதுகுவலின்னு சொன்ன" அப்படின்னான் தம்பி.

"நாம ரெண்டு பேர் மட்டும்னு சொன்ன" அப்படின்னான் புருஷன்.

"ரெண்டும் பொய். உள்ள வாங்க, வெயிலா இருக்கு"ன்னு சொல்லிட்டு நான் பையை வாங்கிக்கிட்டேன்.

திரும்பிப் போற பஸ் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான். கார் சாவி என் ஜாக்கெட்டுக்குள்ள. அமில்கார் நேரா அடுப்புக்குப் போய், வெச்ச பேப்பரையெல்லாம் எடுத்து வெளிய போட்டான். "அவன் இருக்கிற எடத்துல நான் நெருப்பு மூட்டமாட்டேன்."

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, மூட்டினாலும் அவர் நெருப்புல நான் சாப்பிடமாட்டேன்" அப்படின்னான் டார்தோ.

"நான் என்ன தபால்காரியா? நீயே சொல்லு!"

சொல்லல. அத்திமரத்துக்குக் கீழ மூணு நாற்காலி போட்டு மாத்தே டீ ஊத்தினேன். ஒரே குடுவை, ஒரே உலோகக் குழாய், சுத்திச் சுத்தி வரும், அதை வேணாம்னு சொல்ற அளவுக்கு யாருக்கும் கோபம் வர்றதில்ல. டார்தோ உறிஞ்சிட்டு என்கிட்ட குடுப்பான், நான் வெந்நீர் ஊத்தி அமில்கார்கிட்ட குடுப்பேன், அவன் உறிஞ்சிட்டு என்கிட்ட குடுப்பான். முகத்தைப் பாக்கமாட்டாங்களாம், பேசமாட்டாங்களாம், ஆனா ஒருத்தன் எச்சியை இன்னொருத்தன் உறிஞ்சுவானாம். இந்தக் கொடுமையை எங்க போய்ச் சொல்ல?

மணி ஒண்ணாச்சு. ஒண்ணரை ஆச்சு. எல்லார் வயிறும் சத்தம் போட்டுச்சு. மொதல்ல டார்தோ, "பேக்கரியில ஏதாவது வாங்கிட்டு வர்றேன் அக்கா"ன்னு கிளம்பினான். அவன் போன அஞ்சாவது நிமிஷம் அமில்கார், "சும்மா நடந்துட்டு வர்றேன்"ன்னு எதிர்த் திசையில கிளம்பினான். ஒரு மணிக்கு மேல அந்த ஊர்ல எறும்புகூட முழிச்சிருக்காதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். தெரிஞ்சே போனாங்க. இருபது நிமிஷத்துல டார்தோ வெறுங்கையோட வந்தான். பின்னாடியே அமில்கார் வந்தான், அவன் பின்னாடி ஒரு நாய் வந்தது. அமில்கார் குவால்பெர்தோ வீட்டு வாசல்ல போய்க் கை தட்டியிருக்கான். ஜன்னலைத் திறந்து அந்த மனுஷன் சொன்ன வார்த்தையை நான் இங்க எழுத முடியாது.

எனக்கு வந்தது பாருங்க ஒரு கோபம்! முப்பத்தி ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமைதோறும் சாலட் வெட்டிக்கிட்டே அடுப்பைப் பாத்துக்கிட்டிருக்கேன். எனக்குத் தெரியாத நெருப்பா? இடுப்புல துணியக் கட்டினேன், அமில்கார் தூக்கிப் போட்ட பேப்பரைப் பொறுக்கினேன், மேல சுள்ளி, அதுக்கு மேல கட்டை. ஒரே குச்சியில புடிச்சுக்கிச்சு.

கொஞ்ச நேரத்துல சமையலறை ஜன்னல்ல ஒரு தலை தெரிஞ்சது. அமில்கார். வாசப்படியில இன்னொரு தலை. டார்தோ. நான் கண்டுக்கல. கட்டை எரிஞ்சு தணலானதும், கரண்டியில அள்ளிக் கம்பிக்குக் கீழ பரப்பினேன். கம்பி மேல உள்ளங்கையைக் காட்டி, சூட்டை எத்தனை நொடி தாங்குதுன்னு எண்ணிப் பாத்தேன். விலாவை எலும்புப் பக்கம் கீழ வெச்சு அடுக்கினேன்.

"சூல்மா, அவசரப்பட்டுட்ட. தணல் இன்னும் வெளுக்கல" அப்படின்னு ஜன்னல் பேசிச்சு.

"வாயை மூடு."

"அக்கா, உப்பு முன்னாடியே போட்டுட்டியா?" இது வாசப்படி.

"நீயும் மூடு. கிட்ட வந்து எவனாவது என் நெருப்பைத் தொட்டீங்க, இந்தக் கரண்டியாலயே போடுவேன்!"

ரெண்டு பேரும் வெளிய வந்து, அத்திமரத்துக்கு ஒருத்தன் இந்தப் பக்கம், ஒருத்தன் அந்தப் பக்கம் நின்னாங்க. கை பரபரக்குது, தொட முடியல. பேய் புடிச்ச மாதிரி நெளியறாங்க. நான் சொரிசோவை எடுத்து விலாவுக்கு நடுவுல சொருகினேன். உண்மையச் சொல்லணும்னா அது எனக்கே தப்புன்னு தெரியும்.

"நடுவுல வெக்கிறா பாரு" அப்படின்னான் அமில்கார், காத்தைப் பாத்து.

"அதான் நானும் பாக்குறேன். கொழுப்பு முழுக்க விலா மேல வழியப் போவுது" அப்படின்னான் டார்தோ, அதே காத்தைப் பாத்து.

"ஓரத்துல வெக்கணும்."

"ஓரத்துலதான் வெக்கணும்! கொழந்தைக்குக்கூடத் தெரியும்!"

"முப்பது வருஷமாப் பாக்குறா மச்சான், என்னத்தைப் பாத்தான்னு தெரியல."

மச்சான்! சொன்னதுக்கப்புறம்தான் அமில்காருக்கே ஒறைச்சது. ரெண்டு பேரும் கப்புனு வாயை மூடிக்கிட்டாங்க. நான் திரும்பிப் பாக்கல. திரும்பினா சிரிச்சுடுவேன்னு பயம். இன்னொரு சொரிசோவை எடுத்து, வேணும்னே, நடுவுலயே சொருகினேன். அவ்ளோதான், மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க.

மூணு மணிக்கு உக்காந்து சாப்பிட்டோம். கறி பிரமாதமா வந்திருந்தது. என் வாயால நானே சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். விலா எலும்புலேர்ந்து தானா கழண்டு வந்தது. ரெண்டு பேரும் மென்னாங்க. ஒருத்தனை ஒருத்தன் ஓரக்கண்ணால பாத்தாங்க.

"கொஞ்சம் வறண்டுபோச்சு, இல்ல?" அப்படின்னான் அமில்கார்.

"லேசா" அப்படின்னான் டார்தோ.

பொய். பச்சைப் பொய். தாடையில சாறு வழியுது ரெண்டு பேருக்கும். என்னை ஒருத்தன் திட்டி அன்னிக்கு மாதிரி நான் சந்தோஷப்பட்டது கெடையாது.

அதுக்கப்புறம் மடை திறந்த மாதிரி பேச்சு. ஃபுட்பால், குவால்பெர்தோவோட கெட்ட வார்த்தை, பழைய ஃபியட் கார். அந்த ரெண்டு கங்கைப் பத்தி யாரும் வாய் திறக்கல. அமில்கார் கிளாஸைத் தூக்கினான். "செப்டம்பர்ல வசந்தம் வந்ததும் மூணு பேரும் மறுபடியும் இங்க வர்றோம். இதே அடுப்பு. நெருப்புன்னா என்னன்னு அன்னிக்குக் காட்டுறேன் உங்களுக்கு."

டார்தோ கிளாஸைத் தூக்கல. கத்தியைத் தட்டு மேல வெச்சான்.

"செப்டம்பர்ல நான் இருக்கமாட்டேன் மச்சான். யானினாகிட்டப் போறேன்."

"போயிட்டு வா. அக்டோபர்ல வருவோம்."

"இல்ல. போறேன்."

அமில்கார் மெல்றதை நிறுத்தினான். "எப்ப?"

"வர்ற வியாழக்கிழமை."

அமில்கார் என் பக்கம் திரும்பினான். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"ஆறு வாரமா."

அமில்கார் எழுந்து தட்டுகளைப் பொறுக்கிட்டு உள்ள போனான். கழுவுற சத்தம் கேட்டது. கல்யாணமாகி முப்பத்தி ஒரு வருஷத்துல இவன் ஒரு டம்ளர் கழுவினதில்ல. மூணு தட்டை நாப்பது நிமிஷம் கழுவினான். எனக்கு யாரும் கைதட்டல, அதையும் இங்க சொல்லி வெக்கிறேன்.

அப்புறம் ஊரோட சேந்து நாங்களும் படுத்தோம். நான் தூங்கல. அமில்காரும் தூங்கல, முதுகைக் காட்டிக்கிட்டுப் படுத்திருந்தான். "ரெண்டு வருஷம், சூல்மா. ரெண்டு வருஷத்தை வீணாக்கிட்டேன்" அப்படின்னு செவுத்தைப் பாத்துச் சொன்னான். நான் அவன் முதுகுல கையை வெச்சேன்.

அஞ்சரை மணிக்கு டார்தோ பையைத் தூக்கிக்கிட்டு முன் அறைக்கு வந்தான். ஆறு மணி பஸ்ஸுக்கு. அமில்கார் கதவை அடைச்ச மாதிரி நின்னான்.

"நாளைக்கும் ஆறு மணிக்கு பஸ் இருக்கு."

"இருக்கு."

"கறி பாதி மிச்சம் இருக்கு. கெட்டுப்போயிடும்." தொண்டையைச் செருமிக்கிட்டான். "நாளைக்கு நீ சுடு."

டார்தோ பையைக் கீழ வெச்சான். அன்னிக்குச் சாயங்காலம் சதுக்கத்துல போய் உக்காந்தோம். ஊர் தூங்கி எழுந்து, தலையை வாரிக்கிட்டு, நாற்காலியைத் தூக்கிட்டு வெளிய வந்துச்சு. போற வர்றவங்க எல்லாம் எங்களுக்கு வணக்கம் சொன்னாங்க, நாங்களும் சொன்னோம். செய்யுறதுக்கு வேற வேலையே இல்ல. பெர்லா அம்மா வாய்க்குச் சக்கரைதான் போடணும்.

ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு டார்தோ துணியக் கட்டிக்கிட்டு அடுப்பு முன்னாடி நின்னான். அமில்கார் ஒரு நாற்காலியை நாலடி தள்ளிப் போட்டு, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில குடுத்து அது மேல உக்காந்துக்கிட்டான். நெசமாத்தான் சொல்றேன், கை மேலயே உக்காந்தான். டார்தோ கட்டையைக் கோபுரம் மாதிரி அடுக்கினான். அமில்கார் எப்பவும் கிணத்துச் சுவர் மாதிரி சதுரமாத்தான் அடுக்குவான். கண்ணை மூடிக்கிட்டானே ஒழிய வாயைத் திறக்கல.

ஒண்ணரை மணிக்கு விலா ஒரு பக்கம் நல்லா வெந்துட்டிருந்தது. சொரிசோ இருந்த எடது பக்கம்தான் தணல் கொஞ்சம் அதிகம். டார்தோ அதைப் பாத்தான். நான் சாலட் கிண்ணத்தோட நின்னுக்கிட்டிருந்தேன், அவன் பாத்ததை நான் பாத்தேன். பாத்துட்டு, தணல் கரண்டியை அடுப்பு விளிம்புல வெச்சான், கைப்பிடி அமில்கார் பக்கமா இருக்கிற மாதிரி.

"பாத்ரூம் போயிட்டு வர்றேன்" அப்படின்னுட்டு உள்ள போயிட்டான்.

கொழுப்பு சொட்டிச்சு, தீ பக்குனு எழும்பிச்சு. அமில்கார் கையை உருவிக்கிட்டு எழுந்தான். ரெண்டு எட்டு வெச்சான். வலது கை கரண்டிக்குப் போச்சு. தொட்டுடாத, அட படுபாவி, தொட்டுடாத! கை பாதி வழியில நின்னது. அப்புறம் பாக்கெட்டுக்குள்ள போச்சு. இன்னொரு கையும் இன்னொரு பாக்கெட்டுக்குள்ள போச்சு.

சொரிசோ கருக ஆரம்பிச்சது.

"அமில்கார், கருகுது" அப்படின்னேன், எனக்கே பொறுக்காம.

"தெரியுது."

"லேசாத் தள்ளி விட்டா என்ன?"

"என் நெருப்பு இல்ல."

குனிஞ்சு பாத்துக்கிட்டே நின்னான், முகமெல்லாம் வேர்வை. கண்ணு முன்னாடி நல்ல சொரிசோ நாலும் அநியாயமா எரியுது. ஒரு நிமிஷமா, ரெண்டு நிமிஷமா? பத்து நிமிஷம் ஆச்சு டார்தோ வெளிய வர்றதுக்கு. வந்து அடுப்பைப் பாத்தான், தலையில கை வெச்சுக்கிட்டான்.

"யோவ்! என்னய்யா பண்ணிக்கிட்டிருந்த? கண்ணு தெரியல?"

"தெரிஞ்சுது. பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"அப்ப ஏன் தள்ளல?"

"உன் நெருப்பு. நான் தொடமாட்டேன்."

"அட மடையா! நீ தொடணும்னுதான்யா நான் உள்ள போனதே! பத்து நிமிஷம், பத்து நிமிஷமா உள்ள உக்காந்து ஷாம்பு பாட்டில்ல எழுதியிருக்கிறதையெல்லாம் படிச்சுக்கிட்டிருந்தேன்!"

அமில்கார் அவனைப் பாத்தான். டார்தோ இவனைப் பாத்தான். மொதல்ல யார் சிரிச்சாங்கன்னு தெரியல. அடுப்பைப் புடிச்சுக்கிட்டு, அத்திமரத்தைப் புடிச்சுக்கிட்டு, அப்புறம் ஒருத்தனை ஒருத்தன் புடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. சிரிப்பு நின்னதுக்கப்புறமும் புடியை விடல. ரெண்டு முட்டாள்களையும் அந்த நிமிஷம் எனக்கு எவ்ளோ புடிச்சதுன்னு சொல்ல முடியாது.

விலா நல்லா இருந்தது. சொரிசோ அடுப்புக் கரி. அமில்கார் இருக்கிறதுலயே கறுப்பா இருந்ததை எடுத்துத் தட்டுல போட்டு, கத்தியால அறுத்து, கடைசித் துண்டு வரைக்கும் தின்னான்.

"எப்படி இருக்கு?" அப்படின்னான் டார்தோ.

"வறண்டு போகல" அப்படின்னான் அமில்கார்.

தட்டைத் தள்ளி வெச்சுட்டு எழுந்து நின்னான். "சுட்டவனுக்கு ஒரு கைதட்டு!" அப்படின்னுட்டு தட்ட ஆரம்பிச்சான். நானும் தட்டினேன். டார்தோ கையில இடுக்கியோட, காது வரைக்கும் செவந்து நின்னான். வழக்கமா நாலு தட்டு தட்டிட்டு ஒயினை எடுத்துடுவாங்க. அமில்கார் நிறுத்தல. நிறுத்தினா மணி ஓடும், மணி ஓடினா ஆறு ஆகும்ங்கிற மாதிரி தட்டினான். தூங்குற ஊர் முழுக்க அந்தச் சத்தம்.

"போதும் மச்சான், கை வலிக்கப் போவுது" அப்படின்னான் டார்தோ.

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல எல்சிரா அம்மாவோட தலை தெரிஞ்சது. கலைஞ்ச முடி, தூக்கக் கலக்கம். "யாரது இந்த நேரத்துல கையைத் தட்டுறது? யாராவது வந்திருக்காங்களா?"

"யாரும் வரலம்மா" அப்படின்னான் அமில்கார், தட்டுறதை நிறுத்தாம, கண்ணைத் தொடைக்காம. "எங்க மச்சான் ஊருக்குப் போறான்."

அந்தம்மா எங்க மூணு பேரையும் மாறி மாறிப் பாத்தாங்க. என்ன புரிஞ்சுக்கிட்டாங்களோ தெரியல, சுவருக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து அவங்களும் தட்ட ஆரம்பிச்சாங்க.